லினக்ஸ் கோர்ஸில் தவறா, என் லேபில் தவறா? எப்படித் தெரிவிப்பது?

நைட்ஷிப்ட்_பிடிஎம்:
பெங்களூரு நண்பர்களே, உதவி வேண்டும். பெல்லந்தூரில் சப்போர்ட் வேலை பார்த்துக்கொண்டே, காசு கட்டி ஒரு ஆன்லைன் லினக்ஸ் அட்மின் கோர்ஸ் படிக்கிறேன். வீடியோவில் சென்டோஸ் 7, என் விஎம்மில் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) உபுண்டு 24.04, இரண்டும் லினக்ஸின் வெவ்வேறு டிஸ்ட்ரோக்கள், அதாவது வகைகள். நான்கு இடத்தில் இடிக்கிறது.

டாக்கர் என்ற மென்பொருளுக்கான குழுவில் பயனரைச் சேர்க்க, பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் மைனஸ் பெரிய ஜி போடச் சொன்னார்கள். போட்டு, லாக் அவுட் ஆகி வந்தால் சூடோவே, அதாவது நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் வசதியே, போய்விட்டது. நிர்வாகிகளுக்கான வீல் குழுவில் சேர்க்கச் சொன்ன இடத்தில் அப்படி ஒரு குழுவே இல்லை என்கிறது. புதிய கோப்புகளின் அனுமதியைக் குறைக்கும் யூமாஸ்க் 022 என்றால் புதிய கோப்புக்கு என்ன அனுமதி என்று வினாடிவினா. 644 என்றேன், தவறாம், 755 தான் சரியாம். கடைசியாக, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் 0 2 1 * 0 (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை) என்று எழுதினால் 1ஆம் தேதி ஞாயிறாக வந்தால் மட்டும் ஓடும் என்கிறார்கள், என் லேபில் எல்லா ஞாயிறும் ஓடுகிறது.

ஹெல்ப் டெஸ்க்குக்கு எழுதினேன். பிரவுசர் கேஷை அழித்துப் பாருங்கள் என்று பதில்!

பழைய_சர்வர்:
தம்பி, முதலில் சூடோவை மீட்டுக்கொள். பூட் ஆகும்போது கிரப் என்ற தொடக்க மெனுவில் ரெக்கவரி மோட் போய் ரூட் (தலைமை நிர்வாகி) ஷெல் எடு, ரூட் பார்ட்டிஷனை எழுதும்படி ரீமவுண்ட் செய், அப்புறம் யூசர்மாட் மைனஸ் ஏ-ஜி, அதாவது சின்ன ஏ, பெரிய ஜி, போட்டு சூடோ குழுவில் சேர். ஏ இல்லாத வெறும் ஜி, பட்டியலில் இல்லாத மற்ற துணைக் குழுக்களிலிருந்து உன்னைத் தூக்கிவிடும். சூடோ மட்டுமல்ல, ஏ-டி-எம் (adm), பிளக்டெவ் குழுக்கள் எல்லாம் போயிருக்கும். ஈடிசி டைரக்டரிக்குள் குரூப் கோப்பின் பக்கத்திலேயே, பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்ட பழைய நகல் கிடக்கும். அதற்குப் பிறகு குழுவில் கை வைக்கவில்லை என்றால் எதிலெல்லாம் இருந்தாய் என்று அதிலேயே தெரியும். இது அப்பட்டமான பிழை, ஆபத்தான பிழையும் கூட. ஆபீஸ் சர்வரில் எவனாவது இதை நம்பிப் போட்டால் அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் கிடையாது.

டெர்மினல்_அக்கா:
கொஞ்ச காலம் பாடம் எழுதும் பக்கம் இருந்தவள் சொல்கிறேன். வீல் பிழை இல்லை, அதை அனுப்பாதே. சென்டோஸ் சேர்ந்த ரெட்ஹாட் குடும்பத்தில் வீல், உபுண்டுவில் சூடோ, அவ்வளவுதான். நான்கையும் ஒரே மெயிலில் போட்டால் படிக்கிறவர் இதைத்தான் பிடித்துக்கொண்டு, உங்கள் டிஸ்ட்ரோ வேறு என்று மொத்தத்தையும் மூடிவிடுவார். சென்டோஸ் 7க்கு 2024 ஜூன் 30 அன்றே ஆதரவு முடிந்துவிட்டது, பாடத்தைப் புதுப்பியுங்கள் என்று தனியாகக் கேள், அது வேறு விஷயம்.

மற்ற மூன்றும் எந்த டிஸ்ட்ரோவிலும் தவறுதான். யூமாஸ்க்கில் கோப்புக்குத் தொடக்கம் 666, டைரக்டரிக்குத்தான் 777. அதனால் 644 சரி, 755 டைரக்டரிக்கு வருவது. ஒவ்வொன்றுக்கும் தனி மெயில் போடு. பாட எண், வீடியோவில் எத்தனையாவது நிமிடம், அவர்கள் சொன்னது, நீ அடித்த கட்டளை, வந்த விடை. விடையை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டு. முடிந்தால் அதே கட்டளையை ரெட்ஹாட் வகை விஎம் ஒன்றிலும் ஓட்டிக் காட்டு, அப்போது டிஸ்ட்ரோ சாக்குச் சொல்ல முடியாது. "உங்கள் கோர்ஸே குப்பை" என்று ஆரம்பிக்காதே, உண்மையாக இருந்தாலும்.

நைட்ஷிப்ட்_பிடிஎம்:
அக்கா, அண்ணா, நன்றி. சூடோ வந்துவிட்டது. தனித்தனியாக அனுப்பியதில் யூமாஸ்க் கேள்வியைத் திருத்திவிட்டார்கள், மதிப்பெண்ணும் ஏறிவிட்டது. யூசர்மாட் வீடியோவின் கீழே ஒரு எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள், வீடியோ அப்படியேதான் இருக்கிறது. கிரானுக்கு மட்டும், மேன் பக்கத்தில் (லினக்ஸின் உள்ளேயே இருக்கும் கையேடு) நீங்கள் சொல்வது இல்லையே என்கிறார்கள். நானும் கிரானின் அட்டவணையான கிரான்டேப்புக்கு மேன் கிரான்டேப் அடித்துப் பார்த்தேன், இல்லைதான்.

பழைய_சர்வர்:
நீங்கள் பார்த்தது கட்டளையின் பக்கம், 1ஆம் பிரிவு. கோப்பின் அமைப்பு 5ஆம் பிரிவில் இருக்கிறது, மேன் 5 கிரான்டேப் என்று அடி. தேதி, கிழமை இரண்டிலும் நட்சத்திரம் இல்லாமல் மதிப்புக் கொடுத்தால் எது பொருந்தினாலும் ஓடும் என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த வரியை அப்படியே ஒட்டி அனுப்பு. 1ஆம் தேதி ஞாயிறு மட்டும் வேண்டுமென்றால் 0 2 1 * * என்று வைத்து, கிழமையை டேட் கட்டளையால் சோதித்துக்கொள். கிரான்டேப்பில், டேட் கட்டளையில் வரும் % குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் போட மறக்காதே, இல்லையென்றால் அதை வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். இதையும் அவர்கள் பாடத்தில் விட்டிருப்பார்கள், பார்.