குடும்பக் குழு: வேகாஸிலிருந்து பெரியப்பா

பெரியப்பா: லாஸ் வேகாஸ் வந்து சேர்ந்துவிட்டோம். எல்லோரும் நலம். இங்கே இரவு ஒன்பதரை. அங்கே காலை பத்து மணி இருக்கும்.

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: இடமிருந்து வலம்: வாத்தியார், கேப்டன், நான், பனைமரம்.

அத்தை: அண்ணா, இது கேப்டனா! தலை முழுக்க நரைத்துவிட்டதே. உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டு ஓடினவர்தானே?

பெரியப்பா: அவனேதான். நான்கு பேரும் ஒன்றாக நின்று நாற்பது வருடமாவது இருக்கும். இரண்டு பேர், மூன்று பேர் என்று அங்கங்கே பார்த்திருக்கிறோம். நான்கு பேரும் சேர்ந்து வாய்க்கவே இல்லை.

அப்பா: ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள்தானே? வாத்தியாரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அவர் முகவரியே தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களே.

பெரியப்பா: பனைமரத்தின் மகள் தேடிப் பிடித்தாள். அவன் கனடாவில் இருக்கிறான். மூன்று முறை வீடு மாறியதில் கடிதப் போக்குவரத்து நின்றுபோயிருக்கிறது. இவளுடைய அழைப்பை எடுத்தவன், "யார் வீட்டுப் பெண்?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் பேசவே முடியாமல் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டானாம்.

பெரியம்மா: இந்த ஊரில் விமானத்தை விட்டு இறங்கியதுமே சூதாட்ட இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. பெட்டி எடுக்கப் போவதற்கு முன்பே ஆரம்பித்துவிடலாம் போல.

அத்தை: அண்ணி, அதுதான் எனக்குக் கவலை. கூடிப் பேச உலகத்தில் வேறு ஊரே கிடைக்கவில்லையா? செல்போன் ரம்மியில் சேமிப்பையெல்லாம் விட்ட குடும்பங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அண்ணா, கோபித்துக்கொள்ளாதே, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெரியப்பா: கோபமே இல்லை தங்கச்சி. நீ சொல்வது நியாயம். புறப்படும் முன்பே நான்கு பேரும் பேசி முடிவு செய்தோம். ஆளுக்கு 100 டாலர், ஒரே உறையில். அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. உறை உன் அண்ணி கையில். எங்கள் நால்வரில் யாருக்கும் இன்னொரு நோட்டு எடுக்க அனுமதி இல்லை.

பெரியம்மா: உறை என் கைப்பையில்தான் இருக்கிறது. நீ நிம்மதியாக இரு.

தம்பி: பெரியப்பா, என்ன ஆட்டம்? ரூலெட்டா?

பெரியப்பா: வீடியோ போக்கர். திரையில் ஐந்து சீட்டு வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றலாம். ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும். வருவது ஜோடியா, ஃபிளஷா (ஐந்தும் ஒரே சின்னம்), ஃபுல் ஹவுஸா (ஒரே மதிப்பில் மூன்று, இன்னொரு மதிப்பில் இரண்டு) என்று பார்த்துப் பணம் கொடுக்கும். எதிராளி கிடையாது. ஜாக், ராணி, ராஜா, ஏஸ் இவற்றில் ஒரு ஜோடி வந்தாலே போட்ட பணம் திரும்பிவிடும்.

தம்பி: இயந்திரம் ஏமாற்றாதா?

பெரியப்பா: சீட்டைக் காட்டும் இயந்திரத்தில், உண்மையான கட்டில் ஒரு சீட்டு வர என்ன வாய்ப்போ அதே வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது நெவாடா மாநில விதி. அதனால் 52 சீட்டை வைத்து நாமே கணக்குப் போட்டுவிடலாம். உருளை சுற்றும் ஸ்லாட் இயந்திரத்தில் அது முடியாது, உள்ளே என்ன விகிதம் வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. எனக்கு இந்த ஆட்டம் பிடித்ததற்கு அதுதான் முதல் காரணம். இதை 1970களின் இறுதியில் பரவலாக்கியவர் சை ரெட் என்பவர். அவருடைய நிறுவனம்தான் பின்னாளில் ஐஜிடி என்ற சூதாட்ட இயந்திர நிறுவனம் ஆனது.

தம்பி: நான் அடுத்த முறை வரட்டுமா?

பெரியம்மா: 21 வயது ஆன பிறகு வா. அதற்கு முன் இயந்திரத்தின் முன்னால் உட்காரவே விடமாட்டார்கள்.

மறுநாள்

பெரியப்பா: நேற்று ஸ்ட்ரிப் என்கிற பெரிய சாலையில் இருக்கும் ஒரு விடுதியில் ஆடாமலே திரும்பி வந்துவிட்டோம். கால் டாலர் இயந்திரங்கள் எல்லாவற்றிலும் அட்டவணை மோசம்.

அப்பா: என்ன அட்டவணை?

பெரியப்பா: எந்தக் கைக்கு, அதாவது சேர்ந்த ஐந்து சீட்டுக்கு, எவ்வளவு கொடுப்போம் என்று திரையிலேயே போட்டிருப்பார்கள் தம்பி. அதில் இரண்டு வரி பார்த்தால் போதும், ஃபுல் ஹவுஸ், ஃபிளஷ். ஒரு நாணயத்துக்கு 9, 6 என்று இருந்தால் நல்ல இயந்திரம். 8, 5 என்றால் சுமார். 6, 5 என்று பார்த்தால் எழுந்து வந்துவிட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு இயந்திரம் நிற்கும், ஒன்றில் 9/6, இன்னொன்றில் 7/5. பெயர் ஒன்று, நிறம் ஒன்று. பார்க்காமல் உட்கார்ந்தால் தெரியவே தெரியாது.

அண்ணன்: பெரியப்பா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிழையில்லாமல் ஆடினால் 9/6 இயந்திரம் நீண்ட கால சராசரியில் 99.54 சதவீதம் திருப்பித் தருகிறது. 8/5 என்றால் 97.30. 6/5 என்றால் 95.

அப்பா: இரண்டு சதவீதம்தானே வித்தியாசம்?

அண்ணன்: போட்ட பணம் முழுவதற்கும் அந்தச் சதவீதம் அப்பா. கால் டாலர் வீதம் ஐந்து நாணயம் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 1.25 டாலர். வேகமாக ஆடுபவர் மணிக்கு 600 ஆட்டம் ஆடுவார். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 750 டாலர் சுற்றிவருகிறது. 9/6 இயந்திரத்தில் அதற்குச் சராசரி இழப்பு சுமார் 3.50 டாலர். 8/5 இயந்திரத்தில் 20 டாலர். 6/5 இயந்திரத்தில் 37.50.

அத்தை: ஒரு மணி நேரத்துக்கா? அம்மாடி.

நான்: ஒரே ஒரு நாணயம் போட்டு ஆடக் கூடாதா பெரியப்பா? செலவு குறையுமே.

பெரியப்பா: நல்ல கேள்வி கண்ணு. ராயல் ஃபிளஷ், அதாவது ஒரே சின்னத்தில் பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் வந்தால், ஒரு நாணயத்துக்கு 250 தான். ஐந்து நாணயம் போட்டிருந்தால் 4,000. அதாவது நாணயத்துக்கு 800. மற்ற கைகளுக்கெல்லாம் விகிதம் மாறாது, இதற்கு மட்டும் மாறும். அதனால் ஐந்து போட வேண்டும். செலவு குறைய வேண்டுமென்றால் சிறிய மதிப்புள்ள இயந்திரத்தைத் தேட வேண்டும், அங்கேயும் அட்டவணையைப் பார்த்துவிட்டு.

அண்ணன்: இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன் அத்தை. அந்த 99.54-ல் ஏறக்குறைய 2 சதவீதம் ராயல் ஃபிளஷுக்கு உரியது. அது சுமார் 40,000 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும். அது வராதவரை சுமார் 2½ சதவீதம் போய்க்கொண்டேதான் இருக்கும். இதில் லாபம் பார்க்கலாம் என்று யாரும் போகக் கூடாது.

அத்தை: இதை நீயே சொன்னது நல்லது. அண்ணா, படித்தாயா?

பெரியப்பா: படித்தேன். உண்மைதான். பொழுதுபோக்குச் செலவு என்று நினைத்துத்தான் உறையே போட்டோம்.

பெரியம்மா: இன்று நாங்கள் பெண்கள் எல்லோரும் ஃபிரீமான்ட் தெரு முழுக்க நடந்தோம். பழைய வேகாஸ் இதுதான். 1906-ல் திறந்த கோல்டன் கேட் விடுதி இன்னும் நடக்கிறது. அப்போது அதன் பெயர் ஹோட்டல் நெவாடா. தெருவுக்கு மேலே முழுக்க விளக்குக் கூரை, 1995-ல் போட்டது. 1951-ல் வைத்த நியான் கவ்பாய் ஒருவனும் நிற்கிறான். எனக்கு அந்தப் பெரிய சாலையைவிட இந்தத் தெருதான் பிடித்தது. நடந்தே எல்லாம் பார்த்துவிடலாம்.

பெரியப்பா: எங்களுக்கும் இங்கேதான் 9/6 கிடைத்தது. நான்கும் ஒரே வரிசையில். அதுவும் ஒரு மதுக்கூடத்தின் ஓர மூலையில், மேசைக்குள்ளேயே பதித்த இயந்திரங்கள். வாத்தியாருக்கு ஒரு காது கேட்பதில்லை. கூடத்தின் நடுவில் இருக்கும் சத்தத்தில் அவனால் பேச்சைப் பிடிக்க முடியவில்லை. அதனால் அவனை ஓரத்தில், கேட்கும் காது எங்கள் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார வைத்தோம்.

அதற்கு மறுநாள்

பெரியப்பா: இன்று பெரிய வழக்கு நடந்தது. கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பனைமரத்துக்கு ஒரே போடில் ஆட்டீன் ராஜா, ராணி, ஜாக், பத்து, கூடவே ஆட்டீன் நாலு. ஐந்தும் ஆட்டீன், அதாவது ஃபிளஷ் கையிலேயே இருக்கிறது. 7.50 டாலர் உறுதி. வாத்தியார், "நாலைத் தூக்கிப் போடு, ஏஸுக்குப் போ" என்கிறான். கேப்டன், "கைக்கு வந்ததை விடாதே" என்கிறான்.

அப்பா: நான் கேப்டன் கட்சி. ஃபிளஷை யாராவது உடைப்பார்களா?

தம்பி: உடைக்கலாம் அப்பா! ஏஸ் வந்தால் 1,000 டாலர்!

அப்பா: ஒரே ஒரு சீட்டுதானேடா. 47-ல் ஒன்று.

அண்ணன்: இருங்கள். அந்த ஏஸ் மட்டும் இல்லை அப்பா. ஒரு நாணயத்துக்குக் கணக்குப் போடுவோம். மீதி 47 சீட்டில் ஆட்டீன் ஏஸ் வந்தால் 800. ஆட்டீன் ஒன்பது வந்தால் ஒரே சின்னத்தில் ஐந்தும் வரிசையாக வரும் ஸ்ட்ரெயிட் ஃபிளஷ், 50. வேறு ஆட்டீன் 6 இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 6. மற்ற ஏஸ், ஒன்பது சேர்த்து 6 சீட்டு, சின்னம் ஒன்றாக இல்லாமல் வரிசை மட்டும் சேரும் ஸ்ட்ரெயிட், ஒவ்வொன்றுக்கும் 4. ராஜா, ராணி, ஜாக் சேர்த்து 9 சீட்டு, ஜோடி, ஒவ்வொன்றுக்கும் 1. கூட்டினால் 919. 47-ஆல் வகுத்தால் சுமார் 19½. வைத்துக்கொண்டால் கிடைப்பது 6 தான். வாத்தியார் சொன்னதுதான் சரி.

அப்பா: மூன்று மடங்குக்கும் மேலேயா? சரி, கட்சி மாறிவிட்டேன்.

நான்: பெரியப்பா, என்ன வந்தது? சீக்கிரம் சொல்லுங்கள்.

பெரியப்பா: இஸ்பேடு ராணி. ஜோடி. 1.25 டாலர்.

தம்பி: அய்யோ!

பெரியப்பா: ஆனால் உடைத்தது சரியான முடிவு என்று கேப்டனே ஒத்துக்கொண்டான். இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். முடிவு சரியா தவறா என்று சீட்டு திரும்பும் முன்பே சொல்லிவிடலாம். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். ஹாஸ்டலில் வார்டன் வந்து விளக்கை அணைக்கும்வரை இப்படித்தான் வாதாடுவோம். வாத்தியாருக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

அப்பா: அரை மணி நேரமா? அதுவரை இயந்திரம்?

பெரியப்பா: அது பாட்டுக்கு நிற்கும். மேசை ஆட்டம் என்றால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார், சீட்டுப் போடுபவர் காத்திருப்பார். இங்கே அவசரப்படுத்த ஆளில்லை. மணிக்கு 600 ஆட்டம் என்றானே உன் மகன், நாங்கள் 150 கூட ஆடவில்லை. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே ஒரு கதை.

அண்ணன்: 150 என்றால் சராசரி இழப்பு மணிக்கு ஒரு டாலருக்கும் கீழே பெரியப்பா. நீங்கள் பேசப் பேசத்தான் பணம் மிச்சம்.

பெரியப்பா: இதை வாத்தியாரிடம் படித்துக் காட்டினேன். "உன் அண்ணன் மகன் கெட்டிக்காரன்" என்கிறான். தம்பி மகன் என்று திருத்தினேன். இனி உறவுமுறை எல்லாம் அவனுக்கு முதலிலிருந்து சொல்லித் தர வேண்டும்.

அத்தை: அப்படி என்னதான் பேசினீர்கள்?

பெரியப்பா: எல்லாம். முதல் வேலை, முதல் சம்பளம், பிள்ளைகள், மருந்து மாத்திரை. ஒன்று சொல்ல வேண்டும் தங்கச்சி. கேப்டன் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. போனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "பரவாயில்லை, போகிறது" என்பதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் வீட்டுக்கே போனபோதும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி இருந்தார்கள். அவன் எங்களை உபசரிப்பதிலேயே பொழுது போய்விட்டது. இங்கே அவன் வீட்டுக்காரனும் இல்லை, நாங்கள் விருந்தாளிகளும் இல்லை. இரண்டு ஜோடி வந்த ஒரு கையைப் பிடித்துவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் எப்படி இருந்தது, வீட்டுக்குத் திரும்பியதும் எந்த அறைக்குள் போக முடியவில்லை, எல்லாம். முகத்துக்கு நேரே உட்கார வைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். நாங்கள் மூவரும் அவனைத் திரும்பிப் பார்க்காமல் அவரவர் பொத்தானை அழுத்திக்கொண்டே கேட்டோம். நான் என்ன சீட்டை வைத்தேன், எதை விட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

அப்பா: நல்ல காரியம் செய்தீர்கள் அண்ணா.

நான்: பெரியப்பா, இப்போது எப்படி இருக்கிறார்?

பெரியம்மா: இரவு நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அத்தை: அண்ணா, இடம் பற்றி நான் முதலில் சொன்னது என் பயம். பயம் இன்னும் போகவில்லை, ஆனால் நீங்கள் போனது நல்லதுதான்.

பெரியப்பா: உன் பயம் இருக்கட்டும், அது வேண்டும். இங்கே எங்கள் வரிசையிலேயே ஒருவர் யாரிடமும் பேசாமல், கண் எடுக்காமல் விடிய விடிய அழுத்திக்கொண்டிருந்தார். பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு எழுந்து போவதும் வருவதுமாக. எங்களுக்கு மனது கேட்கவில்லை. பனைமரம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான், அவர் தலையை மட்டும் ஆட்டினார். தம்பிமார்களுக்குச் சொல்கிறேன், உறையும் கூட ஆளும் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

தம்பி: சரி பெரியப்பா.

பெரியம்மா: கணக்கு சொல்லிவிடுகிறேன். 400-ல் மிச்சம் 331.25 டாலர். நாளை காலைச் சிற்றுண்டிக்கு இதிலிருந்துதான் எடுக்கப்போகிறோம். ஆட்டம் முடிந்தது, உறையை ஒட்டிவிட்டேன்.

அண்ணன்: நான்கு பேர், இத்தனை மணி நேரம், 68.75 டாலர். நாடகம் பார்க்கப் போயிருந்தால்கூட அதிகம் ஆகியிருக்கும்.

அப்பா: அடுத்து எங்கே, எப்போது? இந்த முறை விட்டால் இன்னொரு நாற்பது வருடம் ஆகிவிடும்.

பெரியப்பா: அடுத்த வருடம் வாத்தியார் வீட்டில். சூதாட்டக் கூடம் கிடையாது, ஒரு சீட்டுக்கட்டு போதும் என்று சொல்லிவிட்டான். பந்தயம் புளியங்கொட்டை.

அத்தை: கேப்டன் பக்கத்தில் இருக்கிறாரா? நான் பேச வேண்டும். என் கையில் பந்தியில் இரண்டாவது லட்டு வைத்தவர் அவர்தான் என்று சொல்ல வேண்டும்.

பெரியப்பா: இருக்கிறான். இப்போதே கூப்பிடு, அவனிடமே போனைக் கொடுக்கிறேன்.