மரநாயின் இரைப்பையில் ஒட்டியிருந்த புழு எது?

கனகராயன்குளத்தான்:
நேற்று விடிய ஏ9 வீதியில் மாங்குளத்துக்குக் கிட்ட வாகனம் அடித்த மரநாய் ஒன்று கிடந்தது, வயிறு கிழிந்து இரைப்பையும் வெளியே. உள்ளே பனம்பழத் தும்பு, வண்டுச் செட்டைகள், அவற்றோடு பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் புழுக்கள். ஒவ்வொன்றும் மூன்று நான்கு சென்ரிமீற்றர் இருக்கும். நாய்க்குட்டி சத்தியெடுக்கும் புழு போலத்தான் தோற்றம், ஆனால் குச்சியால் தள்ளினாலும் அசையவில்லை, தலையைச் சுவரில் புதைத்துக்கொண்டு நின்றன. நான்கைத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். என்ன புழு? எங்கள் நாய்க்குத் தொற்றுமா?

பாலைநிழல்:
தம்பி, முதலில் தண்ணீரிலிருந்து எடுங்கள், ஊதி வெடித்துவிடும். சேலைனில் அலசி 70 வீத எதனோலில் போடுங்கள். போமலின் வேண்டாம், பிறகு டிஎன்ஏ எடுப்பது கஷ்டம். எந்த உறுப்பில் இருந்தது, எந்த இடம், எந்தத் திகதி என்று பென்சிலால் எழுதித் துண்டைப் போத்தலுக்கு உள்ளேயே போடுங்கள், பேனை மை எதனோலில் கரைந்துவிடும்.

நாய்க்குட்டியின் உருளைப்புழு, அதாவது டொக்சோகாரா, சிறுகுடலில் வாழ்வது. விலங்கு செத்தபின் இரைப்பைக்கு ஏறி வரும், ஆனால் சுவரைக் கவ்விக்கொண்டு நிற்காது. நீங்கள் சொல்வது பிசலோப்டெரா என்ற இரைப்பைப் புழு போல இருக்கிறது. லென்ஸால் தலையைப் பாருங்கள், தோல் மடிந்து சட்டைக் கொலர் மாதிரி நிற்கும். டொக்சோகாராவுக்கு அது இல்லை, மூன்று உதடுகள்தான்.

ஈரவயல்:
அமெரிக்காவில் ஒப்போசம் என்ற பைம்மிருகத்தின் இரைப்பையிலும் இதே பேரினத்துப் புழுதான், பிசலோப்டெரா டர்கிடா என்பார்கள். அந்தப் பெயரை நம் மரநாய்ப் புழுவுக்கு ஒட்டிவிடாதீர்கள், படத்தைப் பார்த்து இனப்பெயர் சொல்ல முடியாது. ஆண்புழுவின் வால் வேண்டும், அதிலுள்ள காம்புகளையும் முட்களையும் பார்த்துத்தான் பிரிப்பார்கள்.

நாய்க்கு நேரே தொற்றாது. முட்டை மலத்தோடு வெளியேறி வண்டு, கரப்பான், சில்வண்டின் உடலில் வளர வேண்டும், அந்தப் பூச்சியைத் தின்றால் வரும். வண்டுச் செட்டை இருந்தது என்றீர்களே, வழி அதுதான்.

முறிகண்டி அக்கா:
அடுத்த முறை கையுறை இல்லாமல் தொடாதீங்கோ தம்பி. விசர்நோய் பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் வரும், எச்சில் பட்ட கையில் சின்னக் காயம் இருந்தாலே போதும். காயத்தோடு தொட்டிருந்தால் சோப்புப் போட்டு நல்லாகக் கழுவிவிட்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

கனகராயன்குளத்தான்:
கையில் காயம் இல்லை அக்கா, றப்பர் கையுறையும் போட்டிருந்தேன். மூன்றில் கொலர் தெரிகிறது! ஒன்றின் வால் தட்டையாக விரிந்து சுருண்டு கிடக்கிறது, ஆணாக இருக்க வேண்டும். மச்சான் திங்கட்கிழமை பேராதனைக்குப் போகிறார், போத்தலை மிருக வைத்திய பீடத்தில் கொடுக்கச் சொல்கிறேன்.