பழைய பஸ் வீடு: குளிரில் ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது, பிரேக்கும் விடவில்லை. உதவுங்கள்

சக்கரவீடு:
எல்லோருக்கும் வணக்கம். முப்பது வயதைத் தாண்டிய பஸ் ஒன்றை வீடாக மாற்றி அதில்தான் குடியிருக்கிறேன். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்துவது மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. 24 வோல்ட், முழு ஏர் பிரேக். இதுவரை வெப்பமான பகுதிகளிலேயே ஓடிய வண்டி. இப்போது இரவில் மைனஸ் 12, மைனஸ் 14 வரை இறங்கும் இடத்தில் நிற்கிறது.

காலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் மெதுவாகத்தான் சுற்றுகிறது. வெள்ளைப் புகையை நிறையத் தள்ளிவிட்டு ஸ்டார்ட் ஆகிறது. ஓரிரு நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது. அப்புறம் ரேஸ் கொடுத்தாலும் ஏறாமல் தானாக நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டு அடித்தால் மறுபடி ஓடி, மறுபடி நிற்கிறது. ஓடும் அந்த நேரத்தில் ஏர் ஏறியதும் பார்க்கிங் பிரேக்கை விடுவித்துப் பார்த்தேன். பின்பக்கம் இடது சக்கரம் மட்டும் சுற்றாமல் இழுபடுகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே காரணமா? பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். குளிர்காலம் முழுக்க இதில்தான் இருந்தாக வேண்டும்.

கிரீஸ்கை:
பம்பில் கை வைக்காதீர்கள் நண்பரே. நீங்கள் எழுதியதில் நான்கு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. மெதுவாகச் சுற்றுவதற்குப் பேட்டரியும் எஞ்சின் ஆயிலும் காரணம். வெள்ளைப் புகை எரியாத டீசல், உள்ளே போதிய சூடு இல்லை என்று அர்த்தம். ஓடிவிட்டு நிற்பது டீசல் வரத்தில் தடை. பிரேக் வேறு விஷயம்.

நிற்பதை முதலில் பார்ப்போம். டீசலில் மெழுகு உண்டு. வெயில் காலத்துக்கான டீசல் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரிலேயே மங்கத் தொடங்கும். அந்த மெழுகுத் துகள்கள் டேங்கையும் குழாயையும் கடந்துவிடும், ஃபில்டர் தாளில் போய் அடைத்துக்கொள்ளும். ஃபில்டருக்கு அந்தப் பக்கம் மிச்சமிருக்கும் டீசலில் எஞ்சின் ஓரிரு நிமிடம் ஓடும், தீர்ந்ததும் நிற்கும். சும்மா விட்டால் கொஞ்சம் கசிந்து நிரம்பும், அதனால்தான் மறுபடி ஓடுகிறது. பம்ப் பழுதாக இருந்தால் இப்படி ஒழுங்காக ஓடிவிட்டு நிற்காது. ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீர் உறைந்தாலும் இதே அறிகுறிதான்.

இரண்டு கேள்விகள். கடைசியாக டீசல் எங்கே நிரப்பினீர்கள்? தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் அடிக்குழாயைத் திறந்தால் என்ன வருகிறது?

சக்கரவீடு:
மலை ஏறுவதற்கு முன், வெப்பமான பகுதியில் நிரப்பியது. டேங்கில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. அடிக்குழாயைத் திறந்தால் ஒரு சொட்டுகூட வரவில்லை அண்ணா.

கிரீஸ்கை:
அப்படியானால் அடியில் பனிக்கட்டி இருக்கிறது, மேலே மெழுகும் இருக்கலாம். வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டரைச் சுற்றிக் கட்டி மாற்றி மாற்றி வையுங்கள். முடி உலர்த்தும் ஹேர் டிரையர் இருந்தால் இன்னும் நல்லது. தீப்பந்தம், கேஸ் பர்னர் பக்கமே போக வேண்டாம். இளகியதும் ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

அப்புறம் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சின்ன பம்ப்) அடித்து, பிளீட் ஸ்க்ரூவை (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்தி, குமிழி நிற்கும் வரை ஏர் எடுங்கள். டேங்கின் மீதியிடத்தைக் குளிர்கால டீசலால் நிரப்புங்கள். மெழுகு கட்டாமல் தடுக்கும் திரவத்தை டீசல் தெளிவாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். மங்கிய பிறகு ஊற்றினால் ஏற்கெனவே கட்டிய மெழுகை அது கரைக்காது. அதற்கென்று தனியாக அவசரக் கரைப்பான் விற்கிறார்கள்.

மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லி யாராவது வருவார்கள். மெழுகுப் பிரச்சினை குறையும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் பம்புக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு. பல நாடுகளில் சாலை வண்டிக்கு அதை ஊற்றுவது சட்டப்படி குற்றமும்கூட. பெட்ரோல் கலப்பது தீ விபத்தில் கொண்டுபோய் விடும், அந்தப் பேச்சே வேண்டாம்.

மின்கம்பி:
மெதுவாகச் சுற்றுவதற்கு நான் சொல்கிறேன். இரவு முழுக்க ஓய்ந்த பேட்டரி இரண்டும் சேர்ந்து 25.2 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 18-க்குக் கீழே போனால் பேட்டரியோ இணைப்போ சரியில்லை. மைனஸ் 18-இல் லெட் ஆசிட் பேட்டரியின் சக்தி ஏறக்குறைய பாதிதான். முழுதாகச் சார்ஜ் ஆனது உறையாது. காலியானது மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து பெட்டி வெடித்துவிடும். உறைந்ததைச் சார்ஜில் போடவே கூடாது. டெர்மினலையும், எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். பழைய பஸ்ஸில் பாதிக் கோளாறு அந்தப் பட்டையில்தான் இருக்கும்.

ஆயில் 15டபிள்யூ-40 என்றால் இந்தக் குளிருக்குக் கெட்டி. 5டபிள்யூ-40 சிந்தெடிக் டீசல் ஆயிலுக்கு மாறுங்கள். வெளி மின்சாரம் கிடைக்கும் இடமானால் பிளாக் ஹீட்டர் (நிற்கும் எஞ்சினைச் சூடாக்கும் மின் ஹீட்டர்) போட்டு, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் டைமரில் ஓடவிடுங்கள். வெள்ளைப் புகையும் பெரும்பாலும் அதிலேயே அடங்கும். காற்று போகும் உறிஞ்சு குழாயில் ஹீட்டர் உள்ள எஞ்சினா? சாவி போட்டதும் ரிலே கிளிக் என்று அடித்து வோல்ட் மீட்டர் இறங்குகிறதா பாருங்கள். அந்த ஹீட்டரோ, சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கோ உள்ள எஞ்சினில், ஸ்டார்ட் ஆக உதவும் ஈதர் ஸ்ப்ரே அடித்தால் உறிஞ்சு குழாயிலேயே தீப்பிடிக்கும்.

வீட்டுப் பக்கத்துக்கு லித்தியம் பேட்டரி வைத்திருந்தால், பூஜ்ஜியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யாதீர்கள். நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

மலைப்பாதை:
யாரும் கேட்கவில்லை, ரேடியேட்டரில் என்ன இருக்கிறது? வெப்பப் பகுதியில் ஓடிய வண்டி என்றால் வெறும் தண்ணீராகவே இருக்கலாம். அப்படியிருந்தால் இன்றிரவே எஞ்சின் பிளாக் வெடிக்கும். வேறு எதையும் தொடும் முன் இதைப் பாருங்கள்.

சக்கரவீடு:
பயந்துபோய் உடனே பார்த்தேன். பச்சைக் கூலன்ட். சோதனைக் கருவி மைனஸ் 20 காட்டுகிறது.

மலைப்பாதை:
நல்லது, தப்பித்தது. எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி என்றால் மைனஸ் 37 வரை தாங்கும். அந்த அளவுக்கு ஏற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று வெறும் கிளைக்கால் ஊற்றாதீர்கள், அது மைனஸ் 13-லேயே உறையும். ஏற்றியபின் பின்னிருக்கை வரை போகும் ஹீட்டர் குழாய்களின் வால்வுகளைத் திறந்துவைத்து எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். பஸ்ஸில் அந்தக் குழாய்கள் நீளம். வால்வு மூடியிருந்தால் பழைய கலவை கலக்காமல் அங்கேயே நிற்கும்.

இனி பிரேக். நனைந்த பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மோடு உறைந்து ஒட்டியிருக்கிறது. இழுத்துக்கொண்டு ஓட்டினால் டயர் ஒரே இடத்தில் தேயும். மற்றச் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை போட்டுவிட்டு, ஒட்டிய டிரம்மைச் சுத்தியலால் தட்டுங்கள். பிறகு கட்டையை எடுத்துவிட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் விட்டுவிடும். வெந்நீர் ஊற்ற வேண்டாம், அதுவும் சேர்ந்து உறையும். இனிமேல் நிறுத்தும் முன் கடைசிக் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடி வந்து ஷூவைக் காய வையுங்கள். சமதளத்தில் கட்டை போட்டு, டிரம் ஆறும் வரை பார்க்கிங் பிரேக் போடாமல் பக்கத்திலேயே இருந்து, அப்புறம் போடுங்கள்.

ஏர் டேங்குகளைத் தினமும் வடியுங்கள், முக்கியமாகக் கம்ப்ரஸருக்கு அடுத்துள்ள முதல் டேங்கை. தண்ணீரும் எண்ணெயும் நிறைய வந்தால், காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரின் கேட்ரிட்ஜ் முடிந்துவிட்டது. டிரையரின் அடியில் சின்ன ஹீட்டர் ஒன்று இருக்கும். சாவி போட்டுச் சற்று நேரத்தில் அந்த இடம் வெதுவெதுப்பாக வேண்டும். பைப்பில் ஆல்கஹால் ஊற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. டிரையர் உள்ள வண்டியில் அது கேட்ரிட்ஜையும் ரப்பர் சீல்களையும் தின்றுவிடும்.

சக்கரவீடு:
நன்றி சொல்லி மாளவில்லை. ஃபில்டர் அடியிலிருந்து முதலில் பனிச் சில்லுகள், அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர். ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்து, குளிர்கால டீசல் நிரப்பியபின் எஞ்சின் நிற்கவே இல்லை. எர்த் பட்டையில் பச்சை பிடித்திருந்தது, சுரண்டியதும் செல்ஃப் வேகம் எடுத்தது. சக்கரமும் சுத்தியலுக்கு விட்டுவிட்டது. டிரையர் ஹீட்டருக்கு ஃபியூஸ் போயிருந்தது, மாற்றினேன். புகை மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பிளாக் ஹீட்டர் வாங்கப் போகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். உள்ளே ஜன்னலும் இரும்பு வளைவுகளும் காலையில் தண்ணீராக ஊற்றுகின்றன. கேஸ் ஹீட்டர்தான் போடுகிறேன். அப்புறம், சில வாரங்கள் வண்டியை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. யாரையாவது தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்துவைக்கச் சொல்லலாமா?

மின்கம்பி:
புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரா? அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி. அதைவிடக் கார்பன் மோனாக்சைடு பெரிய ஆபத்து. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வெளியே புகைக்குழாய் உள்ள டீசல் ஹீட்டருக்கு மாறுங்கள், குழாயின் வாய் பஸ்ஸுக்கு அடியிலேயே முடியாமல் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு இரவுகூட உள்ளே தூங்காதீர்கள். கூரை வென்ட்டைக் குளிரிலும் விரலளவு திறந்துவையுங்கள்.

கிரீஸ்கை:
ஐந்து நிமிட ஸ்டார்ட் வேண்டாம். எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்தினால் எரிப்பில் வந்த ஈரம் ஆயிலிலேயே தங்கும், செல்ஃப் எடுத்த சார்ஜும் திரும்பி ஏறாது. அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் ஓட்டட்டும். இல்லையென்றால் தொடவே வேண்டாம். டேங்கை நிரப்பி, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து எர்த்தைக் கழற்றி வையுங்கள். வீட்டுத் தண்ணீர் டேங்க், பம்ப், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, வாஷ்பேசின் வளைவுக் குழாய்களில் புரொப்பிலீன் கிளைக்கால் ஊற்றுங்கள். எஞ்சின் கூலன்ட்டை அங்கே ஊற்றக் கூடாது, அது விஷம். திரும்பி வந்ததும் முதலில் ஃபில்டர் அடிக்குழாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சாவி போடுங்கள்.