பைபோலார் என்று ஃபைலில் இருந்தால் எல்லாமே மனசுதானா?

பெரம்பூர்வாசி:
என் அத்தைக்கு 58 வயது. பைபோலாருக்குப் (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் மனநோய்) பல வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார், நன்றாகவே இருந்தார். இந்தக் கோடையில்தான் ஆளே மாறிவிட்டார். கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்லி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். மலச்சிக்கல், குரல் கரகரப்பு. சாப்பாடு குறைந்தும் எடை ஏறுகிறது. எந்நேரமும் தூக்கம்.

பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஃபைலில் 'பைபோலார்' என்று பார்த்தவர் அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. "டிப்ரஷன் திரும்பியிருக்கு, உங்க சைக்யாட்ரிஸ்ட்டைப் பாருங்க." குளிர்கிறதே என்றதற்கு, "அவங்களுக்கு அப்படித் தோணும்" என்று என்னிடம் சொல்கிறார், அத்தை எதிரிலேயே உட்கார்ந்திருக்க! டிப்ரஷனாகவே இருக்கலாம். ஆனால் நாடிகூடப் பிடிக்காமல் எப்படித் தெரிந்தது? என்ன கேட்டால் இவர்கள் உடம்பைப் பார்ப்பார்கள்?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தம்பி, டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்தாயா? லித்தியம் சிலருக்குத் தைராய்டு சுரப்பைக் குறைக்கும். நீ எழுதியிருப்பது எல்லாம் அதற்கும் பொருந்துகிறது. ஆறு மாதத்துக்கொருமுறை தைராய்டு, கிட்னி, கால்சியம் பார்ப்பது வழக்கம். கடைசியாக எப்போது எடுத்தார்கள்? லித்தியம் அளவும் சேர்த்துப் பார்க்கட்டும். அதற்கு ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த டாக்டரிடம் குளிர், எடை, குரல் என்று முதலில் சொல், ஃபைலை அப்புறம் நீட்டு. மறைக்கச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

மயிலாப்பூர் மாமி:
எங்கள் வீட்டில் தலைகீழ். இவருக்குச் சர்க்கரை. சோர்வு, தூக்கமின்மை, யாரிடமும் பேச்சில்லை என்று எதைச் சொன்னாலும் "சுகர்தான்". டிப்ரஷன் என்று கண்டுபிடிப்பதற்குள் வேலையையே விட்டுவிட்டார்.

வக்கீல் குமாஸ்தா:
2017 மனநல பராமரிப்புச் சட்டம், பிரிவு 3: முன்பு மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார் என்பதை மட்டுமே வைத்து இப்போதும் மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. இதை எடுத்ததுமே டாக்டரிடம் நீட்டினால் சண்டைதான் வரும். பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு, அதிலிருந்து தொடங்குங்கள்.

பெரம்பூர்வாசி:
நன்றி அக்கா. பழைய ஃபைலைப் புரட்டினேன், தைராய்டு ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லை. காலையில் லேபுக்குப் போகிறோம். அத்தைக்கு ஒரே சந்தேகம்: காபி குடித்துவிட்டு வரலாமா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
இதற்கெல்லாம் வெறும் வயிறு வேண்டியதில்லை. குடிக்கச் சொல்.