துபாய் புரோக்கர் பரீட்சையும் எங்க ரப்பர் தோட்டமும்

அருமனைக்காரன்:
துபாயில வீடு, நிலம் விக்கிற புரோக்கர் கார்டு வேணும்னா பரீட்சை எழுதியாகணும். ஃப்ரீஹோல்டு சட்டுனு புரிஞ்சுது. நிலமும் கட்டடமும் காலத்துக்கும் நம்ம பேருல. 2006-ல வந்த 7-ஆம் நம்பர் சட்டப்படி, வெளிநாட்டுக்காரங்க குறிப்பிட்ட ஏரியாக்கள்ல அப்படி வாங்கலாம். அதே சட்டத்துல 'யூசுஃப்ரக்ட்'னு ஒண்ணு, 99 வருஷம் வரைக்கும். எத்தனை தடவை படிச்சாலும் மண்டையில ஏறல.

லீவுக்கு ஊருக்கு வந்தப்போ அப்பாகிட்ட புலம்பினேன். "நம்ம விளைய ஒற்றிக்கு விட்டது ஓர்ம இருக்கா மக்ளே?"ன்னு கேட்டாரு. விளைன்னா எங்க ஊர்ல தோட்டம்.

இருக்காதா பின்ன? அக்கா கல்யாணத்துக்கு 120 மூடு, அதாவது 120 மரம், ரப்பர ஒற்றிக்கு விட்டோம். பணத்துக்கு வட்டி கிடையாது, அதுக்குப் பதிலா ரப்பர் பால் பணம் தந்தவருக்கு. நாங்க பணத்தைத் திருப்பப் போறோம்னு தெரிஞ்சதும் மனுஷன் மரத்துக்கு ரெண்டு பக்கமும் வெட்டு போட்டுட்டாரு. போய்ப் பார்த்தா பட்டை போய் உள்ள தடி தெரியுது. சில மரத்துல சிரட்டை கட்டக்கூட இடமில்ல. அப்பாவுக்கு இன்னும் ஆறல. "பாலு எடுக்கதான் அவனுக்கு உரிம. மரத்த கொல்லதுக்கு இல்ல."

அந்த ஒரு வரியிலதான் எனக்கு யூசுஃப்ரக்ட் விளங்குச்சு. இருந்து அனுபவிக்கலாம், விளைச்சலை எடுக்கலாம், மூலத்தைக் கெடுக்கக்கூடாது. ஆனா ஒற்றியும் அதுவும் ஒண்ணுன்னு எழுதிராதீங்க, மாதிரித் தேர்வுல எனக்கு மார்க் போனது அங்கதான். ஒற்றி கடனுக்கு ஈடு. 1882 சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவுல வர்ற சுவாதீன அடமானம். பணம் திரும்பினா கதை முடிஞ்சுது. யூசுஃப்ரக்ட்ல கடனே கிடையாது.

தக்கலை அக்கா:
நான் சறுக்கினது ஃபார்ம்ல தம்பி. ஃபார்ம் ஏ-ங்கிறது வீட்டை விக்கிறவருக்கும் புரோக்கருக்கும் நடுவுல போடுற ஒப்பந்தம், பி வாங்குறவருக்கும் புரோக்கருக்கும், எஃப் விக்கிறவரும் வாங்குறவரும் நேரா போடுறது. எல்லாம் குழம்பிக் கிடந்துச்சு. அப்புறம் கல்யாணத் தரகர் கணக்குல வச்சுக்கிட்டேன். ஏ பொண்ணு வீடு, பி மாப்பிள்ளை வீடு, எஃப் நிச்சயதார்த்தம். சிரிப்பா இருக்கும், ஆனா பரீட்சை ஹால்ல அதான் கை கொடுத்துச்சு.

குழித்துறை:
பரீட்சைல வர்ற எஸ்க்ரோவுக்கு, அதாவது வாங்குறவங்க பணத்தைத் தனியா பூட்டி வைக்கிற கணக்குக்கு, நம்ம நாட்டு 2016 ரெரா சட்டத்தை (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) நினைச்சுக்கோங்க. வாங்குறவங்ககிட்ட வசூலிக்கிற பணத்துல 70 சதவீதம் தனிக் கணக்குல கிடக்கணும், அந்தப் புராஜெக்டோட நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டும்தான் எடுக்கலாம். துபாய்ச் சட்டத்துக்கு விதிகள் வேற, அதைத் தனியா படிக்கணும். ஆனா நோக்கம் அதேதான். அது சரி, பாஸ் ஆனீங்களா அண்ணே?

அருமனைக்காரன்:
ரெண்டாவது தடவையில ஆயிட்டேன். அப்பாவுக்கு போன் பண்ணினேன். மார்க் எவ்வளவுன்னு கேக்கல. "மரத்த வெட்டினவனுக்கு என்ன தண்டனைன்னு அதுல கேட்டானா?"ன்னுதான் கேட்டாரு.