புதுப்பிப்பு: 550 ரிமோட் ஹெலியில் வால் திரும்பும் சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: 3எஸ் (மூன்று செல் பேட்டரி) 450 அளவு ஹெலியிலிருந்து 6எஸ் (ஆறு செல்) 550 அளவுக்கு மாறியதும், டிக்-டாக் (ஹெலியைக் கடிகார ஊசல்போல் இப்படியும் அப்படியும் ஆட்டும் வித்தை) போடும்போது ரோட்டர் வேகம் விழுந்து வால் சட்டென்று திரும்பியது.

முதலில் கைரோ கெயினை (வால் திரும்பாமல் பிடிக்கும் கருவியின் உணர்திறனை) கூட்டினேன். வால் படபடவென்று அதிர்ந்ததுதான் மிச்சம். "மோட்டார் பினியன் வழுக்குதான்னு பாருங்க" என்றவர் சொன்னதே சரி. பினியன் என்பது மோட்டார் தண்டில் மாட்டும் சிறு பற்சக்கரம். தண்டுக்கும் பினியனுக்கும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போட்டுப் பறக்கவிட்டேன். இறக்கிப் பார்த்தால் கோடு கால் சுற்று விலகியிருந்தது. ஈஎஸ்சி கவர்னர் (மோட்டார் வேகத்தைச் சீராக வைக்கும் மின்னணுக் கட்டுப்பாடு) மோட்டாரின் சுற்றை மட்டுமே பார்க்கிறது. அதனால் பினியன் வழுக்குவது அதற்குத் தெரியவே தெரியாது.

செய்தது: இரும்புத்தூள் காந்தத்துக்குள் போகாமல் மோட்டாரை டேப்பால் மூடி, பினியனின் திருகு உட்காரும் இடத்தில் தண்டைத் தட்டையாக அராவினேன். ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நீல திரெட்லாக் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முறுக்கினேன். பினியனுக்கும் பெரிய பற்சக்கரத்துக்கும் நடுவே விட வேண்டிய பல்லிடைவெளிக்கு ஒரு செய்தித்தாள் துண்டு போதும். கலெக்டிவ் பிட்ச்சையும் (ரோட்டர் இறக்கைகளின் சாய்வுக் கோணம்) 13 டிகிரியிலிருந்து 11.5-க்குக் குறைத்தேன். இப்போது வேகம் விழுவதில்லை.

எதிர்பாராதது செம்மண். காரைக்குடிப் பக்கம் காய்ந்த கண்மாயில்தான் பறக்கவிடுகிறேன். டெயில் ஸ்லைடரில் (வால் இறக்கைகளின் கோணத்தை மாற்ற, தண்டில் முன்பின் நகரும் பாகம்) விட்ட எண்ணெயில் புழுதி அப்பி, விரலால் தள்ளினால் நறநறத்தது. துடைத்து எண்ணெயில்லாமலே விட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஏற்றி இறக்கத் தரையில் தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள்.