உதவி: நின் துவானில் அறை எடுத்தோம், சீட்டில் கான் ஹோவா என்று வருகிறது

வழிப்போக்கன்: அவசரம். வியட்நாமில் நின் துவான் மாகாணம், அந்தச் சிவன் கோபுரம் இருக்கும் ஊருக்குப் போகிறோம். அறைக்குப் பணமும் கட்டியாச்சு. உறுதிச் சீட்டில் கான் ஹோவா மாகாணம் என்று முகவரி! அது நா ட்ராங் இருக்கும் மாகாணமாயிற்றே? ரத்து செய்ய இன்று ராத்திரி வரைதான் நேரம்.

கரிசல்காட்டான்: எந்த ஊர், எந்த மாதம், எங்கே இறங்குகிறீர்கள்? ஒன்றுமே சொல்லவில்லையே.

பை_தூக்கி: போலி விடுதிதான், சந்தேகமே வேண்டாம். உடனே ரத்து செய்யுங்கள்.

நாடோடி சார்: செய்தி படிக்கிற பழக்கம் இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. 2025 ஜூலை 1 முதல் அங்கே 63 மாகாணம், மாநகரங்களை 34 ஆக்கிவிட்டார்கள். நின் துவான் கான் ஹோவாவோடு சேர்ந்தாயிற்று, தலைநகர் நா ட்ராங். மாவட்டங்களையும் எடுத்துவிட்டார்கள். நின் துவானே 1992இல்தான் துவான் ஹாயிலிருந்து பிரிந்தது.

மலர்க்கொடி: சார், அவரே பதறிப்போய்க் கேட்கிறார், கொஞ்சம் தன்மையாகச் சொல்லலாம். தம்பி, வரைபடத்தில் விடுதி எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். கோபுரம் இருக்கும் ஃபான் ராங் என்றால் கவலை இல்லை. நா ட்ராங் என்றால் கோபுரத்துக்குச் சுமார் 100 கிலோமீட்டர். விமானத்தில் போனால் காம் ரான், சைகோனிலிருந்து ரயில் என்றால் தாப் சாம் நிலையம். கோபுரம் அந்த நிலையத்துக்குக் கிட்டத்தான்.

போ க்ளோங் கராய் என்கிற அந்தச் சிவன் கோபுரம் இன்றும் வழிபாடு நடக்கிற கோயில். வாசலுக்கு மேலே ஆடும் சிவன், உள்ளே முகலிங்கம், நந்தியும் உண்டு. அப்புறம் பாவ் சூக் கிராமத்தை விட்டுவிடாதீர்கள். சாம் இனப் பெண்கள் சக்கரம் இல்லாமல் பானை வனைகிறார்கள். பானை அசையாது, அவர்கள்தான் குனிந்தபடி அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். வியட்நாமிலேயே மழை குறைந்த பக்கம் இது, அதனால் எங்கும் ஆடுகளும் திராட்சைக் கொடிகளும்தான்.

பை_தூக்கி: ஸ்கூட்டர் எடுத்துச் சுற்றுங்கள், அதுதான் சுகம்.

கரிசல்காட்டான்: நம் ஊர் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தருவது, வியட்நாமில் செல்லாது. அவர் இந்தியாவா என்றே இன்னும் தெரியவில்லை.

மீன்கொடி: அங்கே ஆண்டது பாண்டியர். வோ கான் கல்வெட்டில் ஸ்ரீ மாறன் பெயரே இருக்கிறது!

நாடோடி சார்: அது சமஸ்கிருதக் கல்வெட்டு. நா ட்ராங் பக்கம் கிடைத்தது, இப்போது ஹனோய் அருங்காட்சியகத்தில். 'ஸ்ரீமார' என்ற பெயரை மட்டும் வைத்துப் பாண்டியன் என்று முடிவு கட்ட முடியாது.

மீன்கொடி: மாறன் என்று வேறு எந்த வம்சம் ஐயா பெயர் வைத்தது?

மலர்க்கொடி: இதற்குத் தனி இழை போடுங்களேன்.

வழிப்போக்கன்: ஃபான் ராங்கில்தான் காட்டுகிறது. ரத்து செய்யவில்லை. அக்டோபரில் போகிறோம். நன்றி.

மலர்க்கொடி: என்ன தேதி தம்பி? காத்தே திருவிழா சாம் நாட்காட்டிப்படி வரும், செப்டம்பரிலோ அக்டோபரிலோ விழும். அன்று கோபுரத்தில் கூட்டம் அள்ளும்.

மீன்கொடி: சார் இன்னும் பதில் சொல்லவில்லை.